வண்டி போயிருச்சா?

மாலையில் ஒன்றரை மைல் நடப்பவனுக்கு வயிற்றுக் கோளாறு வராது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு நாள் வந்ததில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, இந்த ஸ்டேஷனுக்கும் நடந்துதான் வந்தேன். உங்கள் அறிக்கையில் ஒரு சொல் பிழையாக இருக்கிறது. திருத்திவிட்டுப் போய்விடுகிறேன்.

நான் செல்லச்சாமி. பத்திரம், மனு எழுதுகிறவன். ஒரு சொல் புரண்டால் ஒரு வயலே புரண்டுவிடும் தொழில்.

மாரியூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரிலிருந்து பனங்காடு வழியே கடற்கரைக்கு ஒரு மணல் தடம். அதில் யாரும் வேலைக்குப் போவதில்லை. காற்று வாங்கப் போவோம். பதினேழு வருஷம், தினம் ஐந்து மணிக்கு, நானும் கருவாட்டு வியாபாரி அருளானந்தமும். அவனுக்குக் காது மந்தம். ஆகவே வழியெல்லாம் அவன் பேசுவான், நான் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு வியாபாரம் கிடையாது. "மாட்டுக்கும் பூசை உண்டுலே" என்று, மாட்டு வண்டியில் கருவாடு ஏற்றும் இருளாண்டியையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவான்.

போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், உப்பு ஏற்றப் புது ரயில் பாதை போட வந்தார்கள். அளக்க வந்த அதிகாரி, "இங்க பாதை ஏதும் இருக்கா?" என்று கேட்டார். பெரிய குரல், அருளானந்தத்துக்கே கேட்டுவிட்டது.

"பாதையாவது! நானும் இவனும் காத்து வாங்குற எடம் சார். காத்து வாங்குறதுக்கெல்லாம் பத்திரம் எழுதுவாகளா? ஏலே செல்லச்சாமி, நீ எழுதுவியா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தபடி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார்.

குறிக்காத பாதைக்குக் கேட் கிடையாது. தடத்தின் குறுக்கே ஆளுயர மண்கரை எழும்பியது. அதன் மேல் தண்டவாளம். கேட் கேட்டுப் பதினோரு மனு எழுதினேன். பதினோரு பதிலும் ஒன்றுதான்: அவ்விடத்தில் பாதை இல்லை.

நடையை நிறுத்தவில்லை. கரையேறி இறங்கினோம். ஐந்தரைக்கு உப்பு வண்டி மணல்மேட்டு வளைவில் திரும்பும். திரும்பிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். பனையோலைச் சலசலப்பில் அருளானந்தத்தின் காதில் ரயில் ஏறாது. அதனால் நான் முதலில் ஏறிப் பார்ப்பேன். கீழே நின்று அவன், "வண்டி போயிருச்சா?" என்பான். நான் சொன்ன பிறகே, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து ஏறுவான்.

இங்கே ஒரு விளக்கம். எங்கள் ஊரில் ரயிலும் வண்டிதான், இருளாண்டியின் மாட்டு வண்டியும் வண்டிதான். கரைமேல் நின்றால் சாயல்குடிச் சாலை தெரியும். தன் கருவாடு போய்விட்டதா என்பதையும் சில நாள் இதே சொல்லால்தான் கேட்பான்.

அன்று கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தான். நான் கரையேறினேன். வளைவுக்கு அப்பால், பனைகளுக்கு மேலே புகை தெரிந்தது.

"ஏலே, வண்டி போயிருச்சா?"

"போயிருச்சு."

காது மந்தம் என்பதால் உரக்கவே சொன்னேன். சொல்லிவிட்டு மறுபக்கம் இறங்கிவிட்டேன். நடை கெடக்கூடாது.

அவன் ரயிலில் அடிபட்டுச் செத்த அறிக்கையில் 'கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் பிழை. அவன் கவனமாகக் கேட்டான், கவனமாகவே ஏறினான். பதினேழு வருஷச் சிநேகிதனுக்கு அப்படியொரு பெயர் நிலைக்கக் கூடாது.

"கடைசி வரைக்கும் கூட நடந்தது நீங்கதாண்ணே" என்று அவன் மனைவி லீமாரோஸ் அழுதாள். மூன்றே வாரத்தில் கேட் வந்தது. காவலாளும் உண்டு. வெள்ளைப் பலகையில் 'பாதை' என்றே எழுதியிருக்கிறது. பதினோரு மனுவுக்கு மசியாதவர்கள் பன்னிரண்டாவதற்கு மசிந்தார்கள். அதில் என் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான்.

நான் பொய் சொல்லவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாட்டு வண்டியைத்தான் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அது போய்விட்டிருந்தது.

ஏன் பேனா நின்றுவிட்டது? தேதியா? மார்ச் எட்டு. காலண்டரையே பார்க்கிறீர்கள்.

ஆமாம், ஞாயிற்றுக்கிழமைதான். அன்று மாட்டு வண்டி கிடையாதுதான். பதினேழு வருஷத்தில் அவனிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அதையும் ஒரு பொதுக் காரியத்துக்காகச் சொன்னேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? மணி ஐந்தாகப் போகிறது; நடைக்கு நேரமாகிறது.