பத்து மணித்தியாலம், நாற்பது பெட்டி

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். மன்னாரில் எங்கள் மாதா கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டை நான்தான் எழுதினேன்.

டென்மார்க்கில் எஸ்பியர்க் துறைமுகத்திலும் எழுத்து வேலைதான் கிடைத்தது. ஒவ்வொரு படகும் எங்கே வலை இழுத்தது, எத்தனை மணித்தியாலம், எத்தனை பெட்டி கொட் மீன் என்று கொப்பியில் பதிந்து ஆய்வு நிலையத்துக்கு அனுப்புவேன். கடலில் மீன் கூடுகிறதா குறைகிறதா என்பதை அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். மீன் படும் இடத்தைப் படகுத் தலைவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதில்லை. என்னிடம் மட்டும் சொல்வார்கள்.

படகு புறப்படும்போதே இடத்தையும் நேரத்தையும் எழுதிவிடுவது என் வழக்கம். துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள கரைத் திட்டு, பத்து மணித்தியாலம். எண்பத்துநாலில் அது உண்மை. அடுத்த வருடம் அங்கே மீன் அற்றுப்போனது. அதே நாற்பது பெட்டிக்கு வடமேற்கே எண்பது மைல் ஓடி, முப்பது மணித்தியாலம் இழுத்தார்கள். கொப்பியில் பத்து என்றே இருந்தது. திருத்தினால் எழுதியதை வெட்ட வேண்டும். நான் வெட்டுவதில்லை.

மீன் குறையவில்லை என்று நிலையத்தார் அறிக்கை எழுதினார்கள். இப்படி எழுதப் பழகுங்கள் என்று டேனிஷ்காரருக்கே என் கொப்பியைக் காட்டினார்கள்.

மரியரட்ணத்துக்குத்தான் பொறுக்கவில்லை. படகில் வலை இழுப்பவன். என் ஊரவன். வாய் நீளம்.

"அண்ணை, மீனெல்லாம் உங்கட கொப்பிக்குள்ளதான் நீந்துது. கடலில ஒண்டையும் காணேல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நீ உன்ர வலையைப் பார்," என்றேன்.

"பாக்கிறன். வியாழக்கிழமை வந்து நிலையத்தில நானே எல்லாம் சொல்லுறன். இப்பவும் வடமேற்குக்குத்தான் போறம். வேணுமெண்டா எழுதுங்கோ."

கரைத் திட்டு என்று எழுதினேன்.

புதன்கிழமை புயல் அடித்தது. மரியரட்ணத்தின் படகோடு ரேடியோத் தொடர்பு அற்றுப்போனது. மீட்புக்காரர்கள் வந்து, படகு எங்கே போனது என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். கொப்பியை விரித்துக் காட்டினேன். ஹெலிகொப்டர் இரண்டு நாள் கரைத் திட்டுக்கு மேலேயே சுற்றியது.

வியாழன் காலை அவன் மனைவி செலீனா வந்தாள்.

"அண்ணை, எந்தப் பக்கம் போறமெண்டு அவர் உங்களிட்டச் சொன்னவரோ?"

"இல்லைத் தங்கச்சி."

வெள்ளிக்கிழமை வடமேற்கே எண்பது மைலில் ஒரு கப்பல் அவர்களுடைய காற்றடைத்த மிதவையைக் கண்டது. படகில் போன நான்கு பேரும் அதற்குள் இருந்தார்கள். வியாழன் மாலைவரை உயிர் இருந்திருக்கும் என்றார் வைத்தியர்.

ஓம், ஐயா, நீங்கள் விசாரிப்பதால் சொல்கிறேன். இடம் எனக்குத் தெரியும். புதன்கிழமையே சொல்லியிருந்தால் நால்வரும் திரும்பியிருப்பார்கள். மரியரட்ணம் நேரே நிலையத்துக்குப் போயிருப்பான்.

கொப்பி உங்கள் மேசையில்தான் இருக்கிறது. புரட்டிப் பாருங்கள். அந்தப் பயணத்துக்கு மட்டும் பெட்டிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். கரைக்கு வராத மீனை எப்படி எழுதுவது? பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.