நாத்தனாரின் நூலகத்தில் நான் மறைத்த பிழை

அவையின் தலைமையை அழகுற ஏற்றிருக்கும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் மேலாளர் அவர்களே! ஆபத்து என்று அலறும் குரலுக்கெல்லாம் ஆறுதல் சொல்லி, முகவரி கேட்டு, வண்டி அனுப்பும் அன்புச் சகோதரிகளே! மகளுக்காகக் கைதட்டிக் கைதட்டிக் கை சிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் மாமியார் அவர்களே! பாராட்டுப் பத்திரத்தோடு வீற்றிருக்கும் விழா நாயகியே, என் கணவரின் தங்கையே!

எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் வயிற்றெரிச்சலைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் கேளுங்கள்.

எந்த வண்டி எந்த வழியில் போனால் விரைவில் சேரும் என்று கண்டுசொல்லும் கணினி நிரலை ஆறாண்டுகள் எழுதியவள் நான். ஒரு கை தட்டியதா? என் நிரலில், முகவரியில் ஓரெழுத்து பிழைத்தால் வரி முழுவதையும் அழித்து மறுபடி தட்ட வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. அதற்கு இவள் ஒரு நூலகம் எழுதினாள். புத்தக அலமாரியைத் தேடாதீர்கள், தாய்மார்களே! பிற நிரல்கள் எடுத்து இணைத்துக்கொள்ளும் நிரல்தொகுப்புக்கும் அதுதான் பெயர். இடப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் வரியின் நடுவே போய்ப் பிழையை மட்டும் திருத்தலாம். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு தட்டிய வரிகள் ஒவ்வொன்றாய்த் திரும்ப வரும். இவ்வளவுதான்! இதற்கு எத்தனை ஆரவாரம்! நாங்கள் இருவரும் வேலை செய்யும் அலுவலகத்தில் அவள் புகழ், வீட்டில் அவள் புகழ், சாப்பாட்டு மேசையிலும் அவள் புகழ்!

அத்தை, தலை குனியாதீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த நூலகத்தை என் கணினியில் இணைத்து, குற்றம் தேடினேன். தேடினேன், தேடினேன், கிடைத்தது! 'தோப்புத் தெரு' என்று தட்டி, நடுவே போய் ஒரு புள்ளியைத் திருத்தினால், பக்கத்திலிருந்த ஓகாரக் குறி சத்தமில்லாமல் பறிபோனது. திரையில் தோப்புத் தெரு. உள்ளே தப்புத் தெரு! வண்டி எங்கே போகும்? நோயாளி என்ன ஆவார்? தெரிந்தது எனக்கு. தெரிந்தும் எட்டு நாள் வாய் திறக்கவில்லை. எல்லோர் முன்னிலும் அவள் தலைகுனியும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

நூலகம் கட்டுப்பாட்டு அறைக்குப் போவதற்கு முந்தைய நாள், மதியம். இவள் என் இருக்கைக்கு வந்தாள்.

"அண்ணி, எங்கயோ ஒரு எழுத்து இடறுதுன்னு சோதிச்சுப் பாத்தவங்க சொல்றாங்க. மூணு வாரமா தேடுறேன், பிடிபடல. உங்க கணினியில ஒரு தடவ பாக்கட்டுமா?"

நான் தடுப்பதற்குள் மேல் அம்புக்குறியை அழுத்திவிட்டாள். தோப்புத் தெரு. மீண்டும் அழுத்தினாள். தோப்புத் தெரு. நாற்பத்தொரு முறை! தேதியோடும் நேரத்தோடும் என் வஞ்சனை வரிவரியாய் மேலேறி வந்தது.

"எட்டு நாளா தெரியுமா, அண்ணி?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"பொறாம. வேற என்ன?"

அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உயிர் போற அழைப்பெல்லாம் இது வழியா வரப்போகுது. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஓகாரம், புள்ளி போன்ற குறிகளை நிரல் தனி எழுத்தாக எண்ணிய இடத்தை நான் காட்டினேன்; அவள் மாற்றினாள். மாலை ஐந்துக்குள் முடிந்தது. அதன்பின் அவள் என்னிடம் சண்டை போட்டாளா? போட்டாள், ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மேலாளரிடம் சொன்னாளா? இல்லை. அண்ணனிடம்? இல்லை. பெற்ற தாயிடம்? அத்தையின் முகத்தைப் பாருங்கள், இப்போதுதான் கேட்கிறார்!

அழைப்பேற்கும் சகோதரிகளே, அந்த எட்டு நாள் மௌனத்துக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மேலாளர் அவர்களே, என்ன தண்டனையானாலும் ஏற்கிறேன். என் நாத்தனாரே, உன் அறிவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதை ஒருவாறு தாங்கிக்கொண்டேன். என்னைக் காட்டிக்கொடுக்காத உன் மனத்தைப் பார்த்துப் படுகிறேனே ஒரு பொறாமை, அதைத்தான் தாங்க முடியவில்லை, தாயே, தாங்க முடியவில்லை!

இவ்வளவு நேரம் என் குற்றத்துக்குச் செவிகொடுத்த பெருமனத்தாருக்கு நன்றி கூறி, அவள் கையைப் பற்ற அனுமதி கேட்டு இறங்குகிறேன். வணக்கம்!