மாலை மாத்திரை

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை குப்பைத்தொட்டி வெளியே வைக்கும் நாள். யார் வீட்டில் சொல்லாமல் விருந்து நடந்தது, குடியை விட்டுவிட்டதாகச் சொன்னவர் எவ்வளவு விட்டார் என்பதெல்லாம் அன்றைய காலை நடையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில், இந்தப் பிளாக்டவுனில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன் அதிகாரி ஐயா. இங்குள்ள பிலிப்பினோக்களில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம் என்று மருந்துக்கடைக்காரிக்கு அடுத்தபடியாக அறிந்தவள் நான்தான்.

சட்டம் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்தின் விலையில் பெரும் பங்கை அரசாங்கம் கொடுக்கிறது, ஆகவே அது இங்கே இருப்பவருக்கு. ஊருக்குப் போகும்போது அவரவர் மருந்தையோ கூட வருகிறவர் மருந்தையோ டாக்டர் கடிதத்தோடு கொண்டுபோகலாம். அங்கே இருக்கும் வேறு ஒருவருக்குக் கொண்டுபோகவும் கூடாது, அனுப்பவும் கூடாது. மருந்துக்கடை ஹான் இதை எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறாள். எங்கள் ஜெபமாலைக் குழு சலூத் தன் மச்சினிக்கென்று பெட்டியில் கொண்டுபோன இரத்த அழுத்த மாத்திரையை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் கதையை மாதாகோவில் கூடத்தில் ஒரு மாதம் நடித்தே காட்டினேன். சலூத்தின் முழியைக்கூட விடவில்லை.

நீங்கள் பிரித்துப் பார்த்த அட்டைப்பெட்டி என்னுடையதுதான். டின் இறைச்சி, சோப்பு, துண்டு, சாக்லெட். வருடத்துக்கு மூன்று முறை அப்படி ஒரு பெட்டி கப்பலில் ஊருக்குப் போகாவிட்டால் அங்கே நாம் செத்துவிட்டதாக நினைப்பார்கள். காப்பித்தூள் பாட்டிலுக்குள் இருந்த மாத்திரைகளும் நான் வைத்தவைதான். ஊரில், இலோய்லோவில் இருக்கும் என் தங்கை பூரிதாவுக்கு. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நோய் அவளுக்கு. இரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்கப் போடும் மாத்திரை அது.

யாருடைய மாத்திரை என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. மனோங் எலிசியோவுடையது.

மனோங் என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன், மனாங் என்றால் அக்கா. இவர் கூடப் பிறந்தவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். எழுபத்தொன்பது வயது, மனைவி போய் எட்டு வருடம், பிள்ளைகள் இல்லை. கண்ணில் புரை, காது மந்தம், நாக்கு மட்டும் புதுசு. "நோர்மிந்தா, உன் மூக்கு என் வேலியைத் தாண்டி ரெண்டு அடி வந்துருச்சு, வெட்டவா, விடவா?" என்பார். "வெட்டிட்டா உங்க மருந்த யாரு மோந்து பாத்து எடுத்துத் தருவா?" என்பேன். அவர் மருந்துகளை வாங்கி, ஞாயிறுதோறும் ஏழு நாளுக்கான தட்டில் பிரித்துப் போட்டுக் கொடுப்பது என் வேலை. பூரிதாவுக்கு என்ன வியாதியோ அதேதான் அவருக்கும். காலை ஒன்று, மாலை ஒன்று.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை அறைகளைக் காலியாக விட்டேன்.

தடவிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் ஒண்ணுமில்லையே" என்றார்.

"டாக்டர் குறைச்சிட்டாரு, மனோங். இனிமே காலையில மட்டும்."

"என்கிட்ட சொல்லலையே."

"உங்க காதுல எது விழுந்திருக்கு, இது விழ?"

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான். உன் காதுல விழாதது ஒண்ணு உண்டா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாதியாவது போடுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால் தூக்கம் வந்தது.

பத்து மாதம் கழித்து, நீங்கள் பிரித்துப் பார்த்த அந்த மூன்றாவது பெட்டியை அனுப்பக் கொடுத்துவிட்டு, ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். மூன்று வாரத் தட்டுகளை நிரப்பி வைத்துவிட்டுத்தான் போனேன். பூரிதா வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் நான் அனுப்பிய சாக்லெட் வெளுத்துப்போய் இருந்தது, சோப்பு உறை பிரியாமல் இருந்தது. நடுத் தட்டில், மாதா சிலைக்குப் பக்கத்தில், மாத்திரைகள். ஒன்றுகூடக் கிழிக்காத அட்டைகள், ரப்பர் போட்டுக் கட்டியபடி.

"ஏண்டி, இத நீ போடவே இல்லையா?"

"ஆஸ்திரேலியா மாத்திரைய சும்மா சும்மா போட்டுத் தீக்கலாமா, மனாங்? தினத்துக்கு இங்க சுகாதார நிலையத்துல குடுக்கறது இருக்கு. இது பெரிய சீக்கு வந்தா போட வச்சிருக்கேன். வர்றவங்க எல்லாம் பாத்துட்டு, உங்கக்கா உன்னைக் கைவிடலன்னு சொல்றாங்க."

எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். நல்ல பொருளை உபயோகித்துவிட்டால் அது போய்விடும்.

திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் தட்டை நிரப்ப வேண்டும். மாலை அறையில் மறுபடி மாத்திரை போட்டால் ஏன் என்று கேட்பார். டாக்டர் கூட்டிவிட்டார் என்றால், இந்த முறை டாக்டரையே போய்க் கேட்பார். கேட்டால் ஹானுக்குத் தெரியும், ஹானுக்குத் தெரிந்தால் மாதாகோவில் கூடத்துக்குத் தெரியும், அங்கே சலூத் காத்திருப்பாள், என்னைப் போல நடித்துக் காட்ட. என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே ஞாயிறு போகவில்லை. திங்கள் போகவில்லை. வேலிக்கு அப்பால் அவர், "நோர்மிந்தா, வந்துட்டியா? தட்டு காலியா கெடக்குடி" என்று கூப்பிட்டார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் காது கேளாதவள் மாதிரி உள்ளே போனேன். செவ்வாய் போகவில்லை. அன்றைக்குக் குப்பைத்தொட்டிகளைக்கூடப் பார்க்கவில்லை. புதனும் போகவில்லை. அந்த நான்கு நாளும் காலை மாத்திரையும் அவருக்கு இல்லை.

வியாழன் காலை பூசைத் தாள் கொடுக்கப் போன சலூத், வாய் கோணி நாற்காலியில் சரிந்து கிடந்தவரைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். அவர் மருந்து எனக்குத்தானே தெரியும்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. சலூத்தும் ஜெபமாலைக் குழுப் பெண்கள் இரண்டு பேரும் என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்: "அந்த மாத்திரை கடைசியா எப்போ போட்டாரு? ரெண்டு நாளா போடலைன்னா கட்டியக் கரைக்க ஊசி போடலாம். போட்டிருந்தா போட முடியாது, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

கேள்வி புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் புரிந்தது.

"நேத்து ராத்திரி" என்றேன். "நானே என் கையால குடுத்தேன்."

"நிச்சயமா?"

"ஒரு வேளை தவறினதில்லை."

அவள் எழுதிக்கொண்டாள். ஊசி போடவில்லை. மனோங் எலிசியோ சனிக்கிழமை போனார்.

நீங்கள் பெட்டியைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். மற்றதை நானாகவே சொல்லிவிட்டேன், வேறு யாராவது சொல்லிக் கேட்டால் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார்கள் என்பதால்.

அவர் இறந்த ஒன்பதாம் நாள் ஜெபத்தை அவர் வீட்டில் நான்தான் நடத்தினேன். முடிந்ததும் சலூத் எழுந்து நின்று, எல்லோருக்கும் முன்னால், "இவ இல்லேன்னா அந்த மனுஷன் எப்பவோ போயிருப்பாரு" என்றாள். நான் மறுக்கவில்லை. நாலு பேர் முன்னால் ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கி அவமானப்படுத்துவது என் வழக்கமில்லை.