ஒன்பது நகலும் ஓர் அசலும்

உங்கள் ரைட்டர் எழுதுகிற மை மட்டமானது, இன்ஸ்பெக்டர் ஐயா. இரண்டே மழைக்காலத்தில் வெளுத்துப்போகும். தென்காசியில் பன்னிரண்டு வருஷமாக ஜாதகம் நகல் எடுக்கிறவன் சொல்கிறேன். அன்று பெண் வேண்டாமென்ற ராயகிரிக்காரர் உங்களிடம் கொடுத்த நகல் நான் எழுதியதுதான். பாருங்கள், நேற்று எழுதியது மாதிரி இருக்கிறது.

சிவசைலம் அண்ணாச்சியின் மகள் வடிவாம்பாள் உத்திராடம் முதல் பாதம். மாப்பிள்ளை பார்க்க முதல் நகல் வேண்டுமென்று அண்ணாச்சி 1956இல் வந்தார். அவள் வேறு ஊருக்கு வாழ்க்கைப்படுவதை என்னால் நினைக்கவே முடியவில்லை. பிறந்த தேதியை இரண்டு நாள் முன்னால் தள்ளி, மூல நட்சத்திரம் என்று எழுதினேன். சந்திரன் அதே தனுசுக் கட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூலத்துப் பெண் வந்தால் மாமனார் போய்விடுவார் என்ற பயம் ராயகிரியிலும் உண்டு, வாசுதேவநல்லூரிலும் உண்டு. ஆனால் காரணத்தை யாரும் சொல்லமாட்டார்கள். ‘பொருத்தம் இல்லை’ என்று ஒரு கார்டு வரும், அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு எழுதப் படிக்கவும் தெரியாது, கட்டம் பார்க்கவும் தெரியாது. கார்டோடு என்னிடம் வருவார், நான் அடுத்த நகல் எழுதுவேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட அழகு. எட்டு மாப்பிள்ளைகளை ஒரே பேனாவால் விரட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, மன்னியுங்கள்.

ஒன்பதாவது நகலை என் அம்மா கேட்டு வாங்கினாள், எனக்காக. இலத்தூர் ஜோசியரிடம் காட்டிவிட்டு வந்தாள்.

“ஏலே, ஒங்கப்பா உசுரோட இருக்கது ஒனக்குப் பிடிக்கலியா? அந்தப் புள்ள மூலம்லா.”

நான் எழுதியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த முகூர்த்தத்தில் எங்களுக்குக் கல்யாணம். சொல்லவில்லை. ஓர் எழுத்துப் பிசகாதவன் என்று பேர் எடுத்தவன் நான். அதன்பிறகு என்னிடம் யார் ஜாதகம் தருவார்கள்?

எங்கள் வீட்டிலும் வேண்டாமென்றது வடிவாம்பாளுக்குத் தெரிந்தது. அந்த வருஷச் சாரல் காலத்தில் குற்றாலம் போனவள் அருவி மடுவான பொங்குமாங்கடலில் குதித்துவிட்டாள்.

அண்ணாச்சி மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அசல் ஜாதகத்தை வாங்கிவந்து, அதேபோல இன்னோர் அசல் செய்தேன். தாளைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து, வெயிலில் உலர்த்தி, மூலைகளில் மஞ்சள் தடவி, ‘இருபத்திரண்டில் நீர்க்கண்டம்’ என்று ஒரு வரி சேர்த்தேன். என் கை எழுதியதிலேயே அதுதான் உச்சம். சந்தோஷத்தில் சீட்டியடித்துவிட்டேன், ஐயா. பிறகு போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்ப விதி முடிஞ்சுதான் போயிருக்கா, தம்பி. நான்லா பாவின்னு நெனச்சிட்டு இருந்தேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்றைக்குத்தான் சாப்பிட்டார். நானே பரிமாறினேன். இப்போது அவரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம், ஐயா. என்னை விட்டால் அந்த மனுஷனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?