உப்பு முடிச்சு

எங்கள் ஊர் லாபுவில் மழை பிடித்துக்கொண்டால் அப்பளம் அரை நாளில் நமுத்துப்போகும். கல் உப்பைத் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி டின்னுக்குள் போட்டுவிட்டால் கவலையில்லை. உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், முறுக்கும் அப்பளமும் மொறுமொறுவென்று இருக்கும். எங்கள் தோட்டக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

இன்ஸ்பெக்டர் புனிதா, உங்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆன்ட்டி, முறுக்கு டின்னுல போடற மாதிரி நெனச்சுதான போட்டீங்க? தெரியாமதான?” என்று கேட்டீர்கள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். நல்ல பெண் நீங்கள். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

என் கணவர் சுகுமாறன் தொழிற்சாலையில் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வரவழைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைத் தானே கட்டினார். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிய பிறகு, ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்திய பழைய கொட்டகை சும்மா கிடந்தது. நிர்வாகத்திடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டார். பகல் முழுக்க அங்கேதான் இருப்பார். சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் நான் கொண்டுபோவேன்.

அவருக்கு ஒரே எதிரி ஈரக்காற்று. பெட்டியோடு வந்த காகிதமும் அட்டையும் ஈரம் பிடிக்கும் என்று முதல் நாளே எடுத்துப்போட்டார். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் அடங்கிய பைகளை வைத்தார். ஈரம் ஏறினால் அவை ரோஸ் நிறமாகிவிடும், ஓவனில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். சமையலறை வேலை என்பதால் அது என் பொறுப்பாயிற்று. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே கொட்டகைக்குப் போய் மணிப் பைகளை மாற்றுவேன். “எங்க வீட்டம்மா கைல குடுத்தா எதுவும் கெடாது லா” என்று கூட்டாளிகளிடம் சொல்வார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன வருடம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவர் வரவில்லை. இறக்கைப் பெட்டி வந்திருக்கிறது, மழையில் விட்டுவிட்டு வரமுடியாது என்று போனில் சொன்னார். பக்கத்து வீட்டு வள்ளியம்மாதான் என்னோடு இருந்தார். வீட்டுக்கும் அவர்தான் கூட்டிவந்தார். கேட்டைத் திறந்துவிட்ட என் கணவர் முதலில் கேட்டது இது: “மணியெல்லாம் ரோஸாயிடுச்சு, லெட்சுமி. எப்பக் காயவைப்ப?”

எனக்குக் கோபம் வரவில்லை. தையல் போட்ட இடம் வலித்தது. அவரை எனக்குப் பிடிக்காமல் போனது அந்த நிமிடத்தில்தான். அதன் பிறகு எதுவுமே பெரிதாகத் தோன்றவில்லை.

நடக்க முடிந்த முதல் வெள்ளிக்கிழமையே உப்பு முடிச்சுகளைக் கொண்டுபோனேன். எல்லாப் பெட்டியிலும் போடவில்லை. விமானத்தின் வாலை ஏற்றி இறக்கும் இரும்புக் கயிறுகள் இருந்த பெட்டியில் மட்டும் போட்டேன். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போய்வந்தால் அவர் மோட்டார் சைக்கிளைக் கழுவாமல் வீட்டுக்குள் வரமாட்டார். உப்பு உள்ளேயிருந்து தின்னும், வெளியே தெரியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

என் எண்ணம் சாதாரணமானது. துரு பிடிக்கும், அவர் பார்ப்பார், மனம் விட்டுப்போய் அந்தக் கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

வாராவாரம் முடிச்சுகள் கசிந்து கயிறுகள் ஈரமாகிக் கிடக்கும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவேன். முதலில் கயிற்றின் மேல் வெள்ளையாகப் பூத்தது, பிறகு செம்மண் நிறம் வந்தது. எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, மேலே நீல மணிப் பையை வைத்து மூடுவேன்.

கயிறுகளை விமானத்தில் பூட்ட வேண்டிய நாள் வந்தபோது, காலையிலேயே போய் முடிச்சுகளை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டேன். கயிறுகளை நன்றாகத் துடைத்து நானே எடுத்துக்கொடுத்தேன். பளபளவென்று இருந்தன.

பறக்கும் நாளன்று ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“கேபிள்லாம் நீ வச்சிருந்ததுதான, நல்லா இருக்குல்ல?”

“நல்லா இருக்குங்க” என்றேன்.

சிரித்தார். என் தோளில் தட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விமானம் செம்பனை மரங்களுக்கு மேல் ஏறியது, பிறகு மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கியது.

கயிறு உள்ளே புரி புரியாக இற்றுப்போயிருந்தது என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். அலமாரிக்குப் பின்னாலிருந்து முடிச்சுகளை எடுத்துவந்தபோதும் யாரும் என்னைத் திட்டவில்லை. பாவம், தெரியாமல் செய்துவிட்டது என்றார்கள். வள்ளியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

அவர் பார்க்க வேண்டும் என்றுதானே உப்பு வைத்தீர்கள், பிறகு துருவை ஏன் துடைத்தீர்கள் என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன். துருவைப் பார்த்திருந்தால் அவர் பறந்திருக்கமாட்டார், இன்றைக்கு இருந்திருப்பார். ஆனால் லெட்சுமி கையில் கொடுத்தது கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், புனிதா. அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.