லீலாவதி அம்மாளின் பெட்டி

தொலைபேசியில் நான் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. எங்கள் அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சார். வாடிக்கையாளர் இந்தியில் கன்னாபின்னாவென்று திட்டினால்கூட "அச்சா ஜி" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். டெல்லி நேரு பிளேஸில் நாலாவது மாடி, ஏழு வருட வேலை, இந்த மாணிக்கவாசகம் மேல் ஒரு புகார் வந்ததில்லை. விசாரிக்க வந்த நீங்களும் தமிழர் என்பதால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அதுதான் வசதி.

எங்களுடையது இன்டர்நெட்டில் ஓடும் தொலைபேசி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. ஒரு பக்கம் இன்டர்நெட் வயர், மறுபக்கம் வீட்டு ஃபோன். டெல்லியில் இருக்கும் வீட்டுக்கு அமெரிக்க எண் கிடைத்துவிடும். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கே பேசுவது லோக்கல் கால் மாதிரி. பிள்ளைகள் அமெரிக்காவில் வாங்கி அனுப்பிய பெட்டியையே பலர் எங்களிடம் கொண்டுவந்து இணைத்துக்கொள்வார்கள். இணைக்கும்போது எங்கள் கடவுச்சொல்லை அதற்குள் போட்டுவிடுவோம். அப்புறம் வேறு கம்பெனிக்குப் போனால் பெட்டி ஊமை. பெட்டி அவர்களுடையது, பூட்டு எங்களுடையது. இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவன் நான்தான். அந்த வருஷம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

லீலாவதி அம்மாள் 2006 செப்டம்பரில் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். லோதி ரோடு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, துவாரகா ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். எங்கள் லைன் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார். பெட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இது எம் மவ சிந்து நியூஜெர்சியில வாங்கி அனுப்புனது. ரசீது கூட இருக்கு. பூட்டை மட்டும் எடுத்துவிட்டுருங்க."

"ரூல் இல்லையேம்மா," என்றேன்.

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மருமவன் ஃபோன் பில்லை வரி வரியா பாப்பான். இந்த நம்பர் லோக்கல், பில்லுல வராது. அவன் வேலைக்குப் போனப்புறம் புள்ள இதுலதான் பேசுது. நான் அங்க எப்பக் கூப்பிட்டாலும் அவன் செல்லுக்குத்தான் போவுது, அவன்தான் எடுக்கான். 'அவ தூங்குதா'ன்னு சொல்லி வச்சிருதான். அடிக்கான் தம்பி. போன தடவ பேசும்போது புது நம்பரைக் குடுத்துட்டேன். பெட்டி பேசலைன்னா நான் என்ன செய்வேன்?"

எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தமிழ்க்காரர் என்று ஒருவருக்குத் திறந்துவிட்டால், நாளைக்குப் பஞ்சாபிக்கும் பெங்காலிக்கும் என்ன பதில் சொல்வது? டீ வரவழைத்துக் கொடுத்தேன். லிஃப்ட் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டேன்.

விட்டுப் போனவர்களின் பழைய எண்ணை நாங்கள் உடனே அழிப்பதில்லை. திரும்பி வந்தால் கொடுக்கலாம் என்று முப்பது நாள் வைத்திருப்போம். அதற்கு யாராவது பேசினால் குரல் பதிவாகும். விட்டுப் போனவருக்கு அதைச் சொல்வதில்லை. மறுநாள் மாலை ஆறரைக்கு, அங்கே காலை ஒன்பது மணி, அவருடைய எண்ணில் ஒரு செய்தி வந்திருப்பதைத் திரையில் பார்த்தேன். அதைக் கேட்பது தவறு. தெரிந்தேதான் கேட்டேன்.

"அம்மா, புது நம்பர் போகவே மாட்டேங்கு. அதான் பழசுல பேசுதேன். நீ கேப்பேன்னு நெனச்சுதான் பேசுதேன். நாளைக்கும் கூப்பிடுதேன்மா."

நல்ல குரல், சார். அம்மா என்று சொல்லும்போது அதில் ஒரு இழுப்பு. என் மகள் மாதுரி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் ஏதாவது கேட்டால், "ஜல்தி போலோ பாபா", சீக்கிரம் சொல்லுங்கப்பா என்று இந்தியில் அவசரப்படுத்துவாள். அவளைக் குறை சொல்லவில்லை.

அதன் பிறகு தினமும் ஆறரைக்கு, மற்றவர்கள் கிளம்பியதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன். நாலாவது செய்தியில், புருஷன் மறைத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். கெட்டிக்காரப் பெண் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆறாவதில், "பாஸ்டன்ல கலியன் மாமா இருக்காருல்லா, நான் கூப்பிட்டா பில்லுல வந்துரும், நீ வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லும்மா" என்றாள். ஏழாவதில், "மாமாட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

லீலாவதி அம்மாள் மறுபடி வந்தது அதற்கு மறுநாள். இந்த முறை பூட்டைத் திறக்கச் சொல்லவில்லை. எங்களிடமே திரும்பி வருவதாக விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொண்டுவந்திருந்தார். பூட்டு போட்டதே இதற்காகத்தானே. ஐந்து நிமிஷ வேலை. பழைய எண் அவர் பெட்டியில் உயிர் பெற்றிருக்கும், அந்த ஏழு செய்திகளும் அவருக்கே போயிருக்கும்.

"எம் புள்ள பழைய நம்பர்ல ஏதும் கூப்பிட்டாளா தம்பி?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா. அப்ளிகேஷன் மேல போயி வர ஒரு வாரம் ஆகும்."

மேலே யாரும் இல்லை. அதில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்தான். விண்ணப்பத்தை இழுப்பறையில் வைத்தேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிற ஆள் இல்லை நான்.

எட்டாவது செய்தியில் அழுதாள். ஒன்பதாவது பதினோரு விநாடி. "அவனுக்குத் தெரிஞ்சிட்டும்மா," என்றாள். பிறகு ஒரு கதவு சத்தம். அதற்கப்புறம் மூன்று நாள் ஆறரைக்கு உட்கார்ந்து பார்த்தேன், எதுவும் வரவில்லை. நாலாம் நாள் நியூஜெர்சி போலீஸிலிருந்து துவாரகாவுக்குத் தகவல் வந்தது.

துக்கம் கேட்கப் போயிருந்தேன். போன இடத்தில் அந்தப் பெட்டியின் பூட்டை நானே திறந்து கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "உங்களுக்குப் புண்ணியமாப் போவும் தம்பி," என்று அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செய்திகளை யாரோ கேட்டிருப்பதாகக் கணினி காட்டுகிறது என்றீர்கள். யாரோ இல்லை சார், நான்தான். கம்பெனி விதிக்காகத்தான் திறக்கவில்லை என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் நாள் அது நிஜம். அப்புறம், திறந்துவிட்டால் சிந்து அவள் அம்மாவிடம் பேசப் போய்விடுவாள், ஆறரைக்கு எனக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் திறக்கவில்லை. அவள் சாவுக்கு நானும் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

முப்பது நாளில் அழிந்துபோகும் என்று அந்த ஒன்பதையும் ஒரு சிடியில் எடுத்து வைத்திருக்கிறேன். விசாரணைக்கு வேண்டுமென்றால் தருகிறேன். கேட்டு முடித்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சார். என்னிடம் வேறு பிரதி இல்லை.