மெக்சிக்கோச் சம்பந்தம்

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கிற ஆர்வத்தில் இறங்கவேண்டிய தரிப்பை நேற்றும் தவறவிட்டேன். மல்வேர்ன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

“மகன் கட்டப்போறது மெக்சிக்கோப் பெட்டையெல்லே. ஆக்கள் ஆரெண்டு விசாரிக்கவேணுமெண்டு நிண்டன்.”

“மெக்சிக்கோவிலை ஆரிட்டையடி விசாரிக்கிறது?”

“அவளே அங்கத்தைக் கத்தோலிக்கக் கோயிலின்ரை பழைய ஞானஸ்நானப் பதிவுகளைத் தேடி, பூட்டனுக்குப் பூட்டன் வரைக்கும் அனுப்பிப்போட்டாள். ஞானத்தாய்மாற்றை பேர்கூட இருக்கு!”

“பிறகென்ன?”

“இப்ப அவளின்ரை தாய் எங்கடை பக்கத்தைக் கேக்கிறா. எனக்குத் தெரிஞ்சது அப்பப்பாவோடை சரி. கலியாணம் குழம்பப்போகுதடி!”

“எங்கடை கோயிலிலை கேளன்.”

“ஐயர் ஒவ்வொரு அர்ச்சனைக்கும் பேர் கேட்டவரே ஒழிய, ஒண்டையும் எழுதிவைக்கேல்லையே!”

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லி நானும் சிரித்தேன்.

“உங்கடை பூட்டன்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்” என்றாள்.